வீட்டுக் கணினியில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுவலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர்களும் அண்டை வீட்டாரும் நண்பர்களும் கணினியைப் பற்றி என்னிடம் கேட்கும் ஐயங்களில் பெரும்பகுதி, “அப்டேட் வந்திருக்கிறது, போடலாமா?” என்பதைச் சுற்றியே வருகிறது. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலோர் விண்டோஸ் வைத்திருப்பதால் பதில்களும் முக்கியமாக அதைப் பற்றியவை; மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் தனிக் கேள்வி உண்டு.

1. மாதம் தவறாமல் ஏதோ ஒரு அப்டேட் வருகிறதே, எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. மூன்று வகைகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, மாதாந்தரப் பாதுகாப்புப் புதுப்பிப்பு. 2003 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் இதை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிட்டு வருகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்பது இந்தியாவில் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை ஆகிவிடுவதால், இங்குள்ள கணினிகளில் அது பெரும்பாலும் புதன்கிழமைதான் தென்படும். இரண்டாவது, ஆண்டுக்கு ஒருமுறை வரும் பதிப்பு மாற்றம். 23எச்2, 24எச்2 போன்ற பெயர்களில் வருவது இதுவே. மூன்றாவது, பிரிண்டர், கிராஃபிக்ஸ் கார்டு முதலியவற்றுக்கான டிரைவர்கள், அதாவது அந்தக் கருவிகளை விண்டோஸ் இயக்க உதவும் சிறு நிரல்கள்.

முதல் வகையைத் தள்ளிப்போடாமல் நிறுவ வேண்டும், இரண்டாம் வகையைச் சில வாரங்கள் பொறுத்து நிறுவலாம், மூன்றாம் வகையை எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும்போது தேடிப்போய் நிறுவ வேண்டியதில்லை என்பதே என் கருத்து. மக்களிடம் இருக்கும் அச்சத்தில் பெரும்பங்கு, இரண்டாம் வகையில் நேர்ந்த கோளாறுகளை முதல் வகையின் தலையில் ஏற்றுவதால் வருகிறது.

2. கம்ப்யூட்டர் நன்றாகத்தானே ஓடுகிறது? ஓடுகிற ஒன்றில் எதற்குக் கை வைக்க வேண்டும்?

பாதுகாப்பு ஓட்டை உள்ள கணினியும் நன்றாகத்தான் ஓடும். ஓட்டை இருப்பது பயன்படுத்துபவருக்குத் தெரியாது; அதை உள்ளே நுழையப் பயன்படுத்துபவருக்கு மட்டுமே தெரியும்.

இதற்கு 2017ஆம் ஆண்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. விண்டோஸ் கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பழைய முறையில் இருந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்று வெளியிட்டது. அந்த ஓட்டையைப் பயன்படுத்துவதற்காக அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி வைத்திருந்த கருவி ஏப்ரல் நடுவில் இணையத்தில் கசிந்தது. மே 12 அன்று, அதே கருவியைக் கொண்டு வான்னகிரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. யாரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. வலையமைப்பில் இருந்தாலே போதுமானதாக இருந்தது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் 19,000க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டின் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. இந்தியாவில் ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும், கேரளத்தின் சில ஊராட்சி அலுவலகக் கணினிகளும் பாதிக்கப்பட்டன.

அப்போது பலரும் நினைத்தது, பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள்தாம் மாட்டிக்கொண்டன என்று. உண்மையில் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான மருந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களாக இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கணினிகளும் மே 11 வரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

3. என் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது? பிள்ளைகளின் படங்களும் நாலு பாட்டும்தான். யார் வந்து திருடப் போகிறார்கள்?

உங்களைத் தெரிந்தெடுத்து யாரும் வருவதில்லை. இணையத்தில் இருக்கும் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது தானியங்கி நிரல்கள். திறக்கிற கதவுக்குள் அவை நுழையும், வீட்டுக்காரர் யார் என்று பார்ப்பதில்லை. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் என்ற புழு (தானாகவே கணினிக்குக் கணினி பரவும் தீநிரல்), விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 2000 கணினிகளுக்குள் இப்படித்தான் நுழைந்தது. அதை எழுதியவர்களுக்கு அந்தக் கணினிகளில் இருந்த கோப்புகள் தேவைப்படவில்லை. மைக்ரோசாஃப்டின் புதுப்பிப்புத் தளத்தையே ஒரே நேரத்தில் தாக்கி முடக்குவதற்கான படையாக அவற்றைப் பயன்படுத்துவதே நோக்கம்.

மேலும், அந்தப் பிள்ளைகளின் படங்களைத்தான் வான்னகிரை போன்றவை பூட்டுகின்றன. திருடனுக்கு மதிப்பில்லாத பொருள் உங்களுக்கு விலைமதிப்பற்றது என்பதில்தான் பிணைத்தொகை கேட்பவரின் வியாபாரமே நடக்கிறது. அதே கணினியில் ஒருமுறையாவது வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ திறந்திருந்தால், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் சேர்ந்து போகும்.

4. காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டிருக்கிறேன். அது போதாதா?

போதாது. ஆன்டிவைரஸ், உள்ளே வரும் நிரல் தீயதா என்று பார்க்கிறது; புதுப்பிப்பு, அது வரும் வழியையே அடைக்கிறது. இன்று காலை எழுதப்பட்ட ஒரு தீநிரலை ஆன்டிவைரஸ் அடையாளம் காணாமல் போகலாம், ஆனால் அடைக்கப்பட்ட ஓட்டையின் வழியாக அதுவும் நுழைய முடியாது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அன்று. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது என்பது என் எண்ணம்; ஆனால் அதற்கும் புதிய அடையாளக் கோப்புகள் புதுப்பிப்பின் வழியாகத்தான் வருகின்றன.

5. அப்டேட் போட்டுத்தான் கம்ப்யூட்டரே கெட்டுப்போனது என்று பலர் சொல்கிறார்களே? அதெல்லாம் பொய்யா?

பொய்யில்லை. நடந்தவற்றை மறைத்துப் பேசுவதால்தான் மக்கள் புதுப்பிப்பை நம்பாமல் போகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே முக்கியமானவற்றை அப்படியே சொல்கிறேன். 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 பதிப்பு, சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களில் அதை நிறுத்திவைத்து, நவம்பர் 13 அன்றுதான் திருத்தி மீண்டும் வெளியிட்டது. இது முதல் கேள்வியில் சொன்ன இரண்டாம் வகை. இழப்புக்கு ஆளானவர்கள் மொத்தத்தில் மிகச் சிலரே என்றாலும், கோப்புகளை இழந்தவருக்கு அந்தக் கணக்கு எந்த ஆறுதலும் தராது.

மாதாந்தரப் புதுப்பிப்புகளும் தவறே செய்யாதவை அல்ல. 2021 மார்ச்சில் வந்த ஒன்று, சில நிறுவனங்களின் பிரிண்டர்களில் அச்சிட முயன்றபோது கணினியை நீலத்திரையில் நிறுத்தியது. சில நாட்களில் திருத்தம் வந்தது. 2024 ஜூலையில் வந்த ஒன்று, சில கணினிகளை மறுதொடக்கத்தின்போது பிட்லாக்கர் (டிஸ்க்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கச் செய்தது. ஆகஸ்ட் புதுப்பிப்பு அதைச் சரிசெய்தது. இரண்டிலும் கோப்புகள் அழியவில்லை. ஆனால் இரண்டாவதில், சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் தங்கள் கணினிக்குள்ளேயே போக முடியாமல் தவித்தார்கள்.

பலர் என்னிடம் எடுத்துக்காட்டும் இன்னொன்று, விமான நிலையங்கள் முடங்கிய 2024 ஜூலை 19ஆம் நாள். அது விண்டோஸ் புதுப்பிப்பு அன்று. கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான கோப்பு ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியது. அந்த மென்பொருளை வாங்கிப் பயன்படுத்துபவை நிறுவனங்கள். வீட்டுக் கணினிகளுக்கு அதனோடு தொடர்பில்லை.

6. அப்படியானால் வந்த அன்றே போட வேண்டுமா, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?

மாதாந்தரப் புதுப்பிப்பைப் பொறுத்தவரை, தானாக நிறுவிக்கொள்ளும்படி விட்டுவிடுவதே பெரும்பாலோருக்குச் சரி. மூன்று, நான்கு நாள் பொறுத்து மற்றவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க விரும்புவதிலும் தவறில்லை. விண்டோஸ் 11இல் அமைப்புகளுக்குள் இதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி உண்டு, அதிகபட்சம் ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தையும் பயன்படுத்த வேண்டாம் என்று வலியுறுத்துவேன். புதுப்பிப்பு வெளியான மறுநாளே, பழைய கோப்பையும் திருத்தப்பட்ட கோப்பையும் ஒப்பிட்டு ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. அதாவது மருந்து வெளியாகும்போதே நோயின் விவரமும் வெளியாகிவிடுகிறது. நிறுவாதவர்கள் முன்பைவிட அதிக ஆபத்தில் இருக்கிறார்கள். அடைக்கப்படும் ஓட்டை ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுத்தப்பட்டு வருகிறது என்று செய்தி வந்தால், அந்த மாதம் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம்.

பதிப்பு மாற்றம் வேறு. அதை ஒன்றிரண்டு மாதங்கள் தள்ளிவைப்பதை நான் பரிந்துரைக்கிறேன், குறிப்பாகக் கணக்கு மென்பொருளோ பழைய ஸ்கேனரோ வைத்து வேலை செய்பவர்களுக்கு. ஆனால் என்றென்றைக்கும் தள்ள முடியாது. வீட்டுப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆண்டுகள்தான் ஆதரவு. அதற்குப் பிறகு அந்தப் பதிப்புக்கு மாதாந்தரப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் நின்றுவிடும்.

7. போடுவதற்கு முன் நான் என்ன செய்து வைக்க வேண்டும்?

முதலில் காப்புநகல். கணினியில் மட்டுமே இருக்கும் படங்கள், சான்றிதழ்களின் ஸ்கேன் பிரதிகள், கணக்குக் கோப்புகள் ஆகியவற்றை வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியபடியே இருந்தால், பிணைத்தொகை கேட்கும் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஐந்தாம் கேள்வியில் சொன்ன 2018 நிகழ்வில் காப்புநகல் வைத்திருந்தவர்களுக்கு அரை நாள் எரிச்சல் மட்டுமே மிஞ்சியது. புதுப்பிப்பைப் பற்றி அஞ்சுகிறவர்களிடம் நான் பேசிப் பார்த்தவரை, அவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் இருப்பது காப்புநகல் இல்லாத அச்சம். அந்த அச்சம் நியாயமானது, ஏனென்றால் டிஸ்க் எந்த நாளும், எந்தப் புதுப்பிப்பும் இல்லாமலே பழுதாகலாம்.

அடுத்து, பிட்லாக்கர் மீட்புச் சாவி. புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு நுழைந்தவுடன், உரிமையாளர் அறியாமலே டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். 48 இலக்கங்கள் கொண்டது. கைப்பேசியில் அந்தக் கணக்கைத் திறந்து, சாவியைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். கணக்கின் கடவுச்சொல் மறந்துபோயிருந்தால் அதை இன்றே மீட்டெடுங்கள். கணினி நின்ற பிறகு அது மிகவும் கடினம்.

கடைசியாக, சி டிரைவில் மாதாந்தரப் புதுப்பிப்புக்குப் பத்து ஜிபியாவது, பதிப்பு மாற்றத்துக்கு முப்பது ஜிபியாவது காலியாக இருக்கட்டும். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைச் செருகி வையுங்கள்.

8. பாதியில் கரண்ட் போய்விட்டால் எல்லாம் போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. பாதியில் நின்ற மாற்றங்களைத் திரும்பப் பெற்று, பழைய நிலைக்கே வரும்படிதான் விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. “மாற்றங்கள் ரத்து செய்யப்படுகின்றன” என்ற பொருள்பட வரும் திரையைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனாலும் யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில், மின்தடை அறிவித்திருக்கும் நாளில், மறுதொடக்கத்தைத் தவிர்ப்பது நல்லது.

இதைவிட அடிக்கடி கெடுதல் செய்வது மின்வாரியம் அன்று, பொறுமையின்மை. முப்பது சதவீதத்தில் அரை மணி நேரம் நிற்கிறதே என்று பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் ஒரே எண்ணில் நெடுநேரம் நிற்பது இயல்பு. இரவு தூங்கப்போகும் முன் தொடங்கி, காலையில் பாருங்கள்.

9. என்னிடம் இருப்பது மொபைல் ஹாட்ஸ்பாட் மட்டும்தான். ஒரு அப்டேட்டில் அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிடுகிறதே?

இது உண்மையான இடர்ப்பாடு. மாதாந்தரப் புதுப்பிப்பு சில நூறு எம்பி முதல் சில ஜிபி வரை போகலாம். ஹாட்ஸ்பாட் இணைப்பை, வைஃபை அமைப்புகளுக்குள் ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்று குறித்துவிட்டால், பெரிய பதிவிறக்கங்கள் உங்களைக் கேட்காமல் நடக்காது. டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற பகுதியில், மற்றக் கணினிகளுக்கு உங்கள் இணைப்பின் வழியே கோப்புகளை அனுப்பும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பிறகு மாதத்தில் ஒரு நாள், இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்த வார இறுதியில், வரம்பற்ற இணைப்பு உள்ள உறவினர் வீட்டிலோ அலுவலகத்திலோ மடிக்கணினியைக் கொண்டுபோய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். குறித்துவிட்டு மறந்துபோனால் ஆண்டு முழுதும் எதுவும் வராமல் போகும். நாள்காட்டியில் எழுதி வையுங்கள்.

10. அப்டேட் போடப்போட கம்ப்யூட்டர் மெதுவாகிவிடும் என்கிறார்களே?

நிறுவிய முதல் சில மணி நேரம் பின்னணி வேலைகளால் மெதுவாக இருப்பது இயல்பு. அது தானாக அடங்கும். நிலையான மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் நான்கு ஜிபி நினைவகமும்தான். அந்த டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகம் இல்லாத வேகமான எஸ்எஸ்டி மாற்றினாலே பெரிய வேறுபாடு தெரியும். பாதுகாப்பே வேகத்தைக் குறைத்த நிகழ்வும் ஒன்று உண்டு: 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடுகளுக்காக வந்த புதுப்பிப்புகள், 2015ஆம் ஆண்டைச் சேர்ந்த அல்லது அதற்கு முந்தைய செயலிகளைக் கொண்ட பழைய கணினிகளில் வேகத்தைக் குறைக்கும் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்தது.

11. என்னுடையது விண்டோஸ் 10. இனிமேல் அப்டேட்டே வராதாமே? கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டுமா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் தரும் நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அதில் காப்புநகலாகச் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. இல்லையெனில் 30 டாலர். தகுதியுள்ள கணினிகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு தெரியும். இது கால அவகாசம்தான், நிரந்தரத் தீர்வு அன்று.

அந்த அவகாசத்தில் முடிவெடுக்க வேண்டும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி அல்லது அதற்கு இணையானது ஆகியவை தேவை. ஏறத்தாழ 2018க்குப் பிறகு வாங்கிய கணினிகளில் இவை பெரும்பாலும் இருக்கும். இந்தச் சோதனைகளை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ நிறுவித் தருபவர்கள் உண்டு. அப்படி நிறுவிய கணினிக்குத் தொடர்ந்து புதுப்பிப்பு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருப்பதால், பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றம் அந்தப் பாதுகாப்பையே தராமல் போகலாம். இணையம், மின்னஞ்சல், கடிதம் தட்டச்சு செய்தல் ஆகியவற்றோடு நின்றுவிடும் பழைய கணினிக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளங்கள் நல்ல வழி. தமிழ் 99 உட்பட விசைப்பலகைகள் அவற்றிலும் கிடைக்கின்றன.

12. கடையில் போட்டுக்கொடுத்த விண்டோஸ், ஒரிஜினல் இல்லை. அப்டேட் போட்டால் மாட்டிக்கொள்வேனா?

தயங்கித் தயங்கி, ஆனால் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஆக்டிவேட் செய்யாத, அதாவது உரிமம் உறுதிசெய்யப்படாத, விண்டோஸுக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருகின்றன. திரையின் மூலையில் ஒரு வாசகம் நிற்கும், சில அலங்கார வசதிகள் வேலை செய்யாது, கணினி நின்றுவிடாது.

உண்மையான ஆபத்து, உரிமம் இருப்பதுபோல் விண்டோஸை ஏமாற்றும் ‘கிராக்’ நிரலில் இருக்கிறது. அது வேலை செய்வதற்காக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறது. உச்ச அனுமதியோடு உங்கள் கணினிக்குள் ஓடுகிறது. உள்ளே வேறு என்ன வைத்திருக்கிறது என்று தெரியாது. வேகமாக ஓடும் என்று சொல்லி நிறுவித் தரப்படும் வெட்டிச் சுருக்கிய விண்டோஸ் பதிப்புகள் சிலவற்றில் புதுப்பிப்பு வசதியே அகற்றப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட கணினியில் புதுப்பிப்பை நிறுவலாமா என்று யோசிப்பதைவிட, கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு முறையான விண்டோஸையோ லினக்ஸையோ புதிதாக நிறுவுவதே நல்லது. மடிக்கணினி விண்டோஸுடன் வாங்கப்பட்டதாக இருந்தால் அதற்கான உரிமம் பெரும்பாலும் அந்தக் கணினியிலேயே பதிந்திருக்கும்; செலவே இல்லாமல் மீட்டுக்கொள்ளலாம்.

13. “உடனே அப்டேட் செய்யுங்கள்” என்று நெட் பார்க்கும்போது ஒரு பெட்டி வருகிறது. அதுவும் இதுதானா?

இல்லை, அது ஏமாற்று வேலை. விண்டோஸுக்கான புதுப்பிப்பு அமைப்புகளுக்குள் இருக்கும் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில்தான் வரும். உலாவியிலோ, வாட்ஸ்அப்பிலோ, தொலைபேசி அழைப்பிலோ வராது. அண்மையில் பரவியிருக்கும் ஒரு தந்திரம், உலாவித் திரை முழுவதையும் புதுப்பிப்புத் திரை போலவே காட்டி, விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எதையோ ஒட்டச் சொல்கிறது. அப்படிச் செய்தால் தீநிரலை நீங்களே உங்கள் கையால் இயக்கியவர் ஆவீர்கள். இத்தகைய வலையில் பணம் போயிருந்தால், இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

14. அப்டேட்டின் வழியாகவே வைரஸ் வந்தால் என்ன செய்வது?

கேட்பவர் விவரமானவர் என்பதைக் காட்டும் கேள்வி. அப்படி நடந்திருக்கிறது. 2017 ஜூன் 27 அன்று, உக்ரைனில் பரவலாகப் பயன்படும் எம்.இ.டாக் என்ற வரிக்கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியைக் கைப்பற்றி, நாட்பெட்யா என்ற அழிவு நிரலை அனுப்பினார்கள். மும்பைக்கு அருகில் உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையம் வரை அதன் பாதிப்பு வந்தது. கவனிக்க வேண்டியது, உள்ளே நுழைந்த பிறகு அது பக்கத்துக் கணினிகளுக்குப் பரவப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று, இரண்டாம் கேள்வியில் சொன்ன அதே பழைய ஓட்டை. திருடிய கடவுச்சொற்களையும் அது பயன்படுத்தியதால், புதுப்பித்திருந்த கணினிகளும் சில வீழ்ந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு, புதுப்பிப்பை நிறுத்துவது அன்று, நம்ப வேண்டியவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. இயங்குதளத்தின் புதுப்பிப்புகள் மின்கையொப்பமிட்டு வருகின்றன, கணினி அதைச் சரிபார்த்த பிறகே நிறுவுகிறது. ஆனால் எப்போதோ நிறுவி மறந்துபோன பத்துப் பதினைந்து சிறு மென்பொருள்களும் தனித்தனியே தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. பயன்படுத்தாதவற்றை நீக்கிவிடுங்கள்.

15. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லைதானே?

உண்டு. ஆப்பிள் வழக்கமாக அண்மைப் பதிப்புக்கும் அதற்கு முந்தைய இரண்டுக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தருகிறது. அதைவிடப் பழையதில் இருப்பவர்கள் விண்டோஸ் 10இல் இருப்பவர்களின் நிலையில்தான் இருக்கிறார்கள். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்தாண்டு. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசமாகப் பதிவுசெய்துகொண்டால் பத்தாண்டு. காப்புநகலைப் பற்றிச் சொன்னது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

16. ஊரில் இருக்கும் அப்பாவின் கம்ப்யூட்டருக்கு யார் இதையெல்லாம் பார்ப்பது?

தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தாமல் விட்டு வாருங்கள். கணினியைப் பயன்படுத்தாத நேரத்தில் மறுதொடக்கம் நடக்கும்படி, அவர் உட்காரும் நேரங்களை ‘ஆக்டிவ் அவர்ஸ்’ பகுதியில் குறித்துவிடுங்கள். ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஏழாம் கேள்வியில் சொன்ன நகலை எடுத்துவிடுங்கள். புதுப்பிப்பு என்று யார் தொலைபேசியில் சொன்னாலும் எதையும் செய்யாமல் உங்களை அழைக்கச் சொல்லி வையுங்கள்.

17. போட்ட பிறகு பிரிண்டர் வேலை செய்யவில்லை. பழையபடி திரும்பிப் போக முடியுமா?

முடியும். மாதாந்தரப் புதுப்பிப்பாக இருந்தால், அமைப்புகளில் புதுப்பிப்பு வரலாற்றைத் திறந்து, கடைசியாக வந்ததை நீக்கலாம். பதிப்பு மாற்றமாக இருந்தால், ‘மீட்பு’ப் பகுதியில் பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தான் பத்து நாட்களுக்கு இருக்கும், அதற்குப் பிறகு பழைய கோப்புகள் தானாக அழிக்கப்பட்டுவிடும் என்பதால், பதிப்பு மாறிய முதல் வாரத்திலேயே பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள் அனைத்தையும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். கணினி திறக்கவே மறுத்தால், இரண்டு மூன்று முறை தோல்வியடைந்த பிறகு தானாக வரும் மீட்புத் திரையிலும் இதே வசதி உண்டு.

நீக்குவதற்கு முன், பிரிண்டர் நிறுவனத்தின் தளத்தில் புதிய டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும். நீக்கினால், ஒரு வாரத்துக்குப் புதுப்பிப்பை நிறுத்திவைத்து, திருத்தம் வந்ததும் மீண்டும் நிறுவுங்கள். மாதாந்தரப் புதுப்பிப்பு முந்தைய மாதங்களின் திருத்தங்களையும் சேர்த்தே கொண்டுவருவதால், அடுத்த மாதத்தையதை நிறுவினாலே விடுபட்டதும் வந்துவிடும்.